மோப்பம் அறுந்த இடத்தில் நாயைக் கவனியுங்கள்: வேட்டை நாய் வளர்க்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

நல்ல நாளில் எல்லா நாயும் நல்ல நாய்தான். புல்லில் பனி ஈரம் காயவில்லை, எதிர்க்காற்று மெல்ல வீசுகிறது, பறவைகளும் நிறைய இருக்கின்றன என்றால் சுமாரான நாய்கூடக் கெட்டிக்காரத்தனம் காட்டிவிடும். வெயில் ஏறி, மண் உலர்ந்து, காற்றும் நின்றுபோன பிறகு அதே நாய் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிடித்துப் போய்க்கொண்டிருந்த மோப்பம் திடீரென்று அறுந்துவிட்டால் தலையைத் தூக்கி உங்களை வேடிக்கை பார்க்கிறதா? போன வேகத்திலேயே நேராக ஓடிக்கொண்டே இருக்கிறதா? அல்லது வாசனை கடைசியாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து சின்ன வட்டமாகச் சுற்றித் தேடுகிறதா? மூன்றாவது வகைதான் நீங்கள் தேட வேண்டிய நாய். அதைக் கண்டுபிடிக்கவும், கிடைத்த குட்டியைக் கெடுக்காமல் வளர்க்கவும் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், உரிமமும் பருவமும் பார்த்துத்தான் நாயைக் களத்தில் இறக்க முடியும். அனுமதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள் டம்மியையும் (எடுத்து வரப் பழக்க வீசும் போலிப் பொருள்) இழுவைத் தடத்தையும் (சிறகு போன்றவற்றைத் தரையில் இழுத்து உண்டாக்கும் வாசனைத் தடம்) வைத்தே இந்தப் பயிற்சியில் பெரும்பகுதியைச் செய்யலாம். நாயின் மூக்குக்கும் மூளைக்கும் அதுவும் வேலைதான்.

முதலில், எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

வேட்டை நாய் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இனத்துக்கு இனம் வேலை வேறு. பாயிண்டரும் செட்டரும் தூரமாக ஓடித் தேடும். பறவையின் வாசனை மூக்கில் பட்டதும் உறைந்து நின்று நீங்கள் வரும்வரை காத்திருக்கும். ஸ்பானியல் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே புதரைக் கலைத்துப் பறவையைக் கிளப்பிவிடும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவை விழுந்ததைக் கண்டுபிடித்து எடுத்து வர வேண்டியவை. பீகிளும் ஃபாக்ஸ்ஹவுண்டும் தரையிலுள்ள தடத்தைப் பிடித்துக் குரல் கொடுத்துக்கொண்டே போகும். கிரேஹவுண்ட், சலூக்கி எல்லாம் கண்ணை நம்பி ஓடுபவை. டெரியரும் டாக்ஸ்ஹவுண்டும் வளைக்குள் நுழையும். ஹனோவேரியன் ஹவுண்ட், பவேரியன் மலை ஹவுண்ட் இரண்டும் காயம்பட்டு ஓடிய பெரிய விலங்கைத் தேடிப் பிடிக்கவே உருவாக்கப்பட்டவை. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், டிராட்ஹார், விஸ்லா ஆகியவை தேடுவது, நிற்பது, எடுத்து வருவது, தடம் பிடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து வளர்க்கப்பட்டவை.

நீங்கள் நடக்கப்போவது எப்படிப்பட்ட நிலம் என்று பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுங்கள். அடர்ந்த முட்புதரில், நடந்துகொண்டே வேட்டையாடுகிறவருக்குக் கண்ணுக்கெட்டாத தூரம் ஓடும் பாயிண்டர் தலைவலி. பரந்த வெட்டவெளியில் கால்மாட்டிலேயே சுற்றும் ஸ்பானியலால் அவ்வளவு பயனில்லை. படத்தில் அழகாக இருக்கிறது என்று இனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் ஒரு வருடம் கழித்து நாய் சொல்பேச்சு கேட்கவில்லை என்று புலம்புகிறார்கள். நாய் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள்

ஏழெட்டு வாரக் குட்டியை வைத்துக்கொண்டு அது பெரிதானால் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம் என்பவர்கள் உண்டு. மல்லாக்கப் பிடித்துப் பார்ப்பார்கள், சாவிக் கொத்தைத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள், பறவைச் சிறகைத் தூண்டிலில் கட்டி ஆட்டுவார்கள். சிறகு ஆடினால் எல்லாக் குட்டியும் பாயும். அந்த வயதுச் சோதனைகளை வைத்து வளர்ந்த நாயின் குணத்தைக் கணிப்பது பெரிதாகப் பலித்ததில்லை. மிகவும் ஒடுங்கிக் கிடப்பதையும் மிகவும் முரட்டுத்தனமாக இருப்பதையும் விட்டுவிட்டு, நடுத்தரமான ஒன்றை எடுத்தால் போதும்.

உங்கள் நேரத்தைப் பெற்றோர்மீது செலவிடுங்கள். தாயும் தகப்பனும் வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும். அதுவும் காலையில் வண்டியிலிருந்து இறங்கியதும் சீறிப் பாயும் அந்த முதல் பத்து நிமிடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நாய் களைத்துப்போன கடைசி ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். அப்போதும் ஒவ்வொரு புதராக நின்று தேடுகிறதா, பாதையோடு ஓடி ஒப்பேற்றுகிறதா? நடத்துபவர் எங்கே இருக்கிறார் என்று அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்கிறதா? அவர் விசிலைக் கையில் எடுக்கவே அவசியம் இல்லாமல் வேலை நடக்கிறதா? ஒரு நாய்க்கு விசில் ஓயாமல் ஊதப்படுகிறது என்றால், அங்கே நடப்பது நாயின் வேட்டை, மனிதனின் துரத்தல்.

நேரில் பார்க்க வழியில்லை என்றால் அவற்றின் களத் தேர்வு மதிப்பெண் தாள்களைக் கேளுங்கள். வேட்டை நாய்களைக் களத்தில் இறக்கிச் சோதிக்கும் வழக்கம் பழையது. முதல் களப்போட்டி என்று சொல்லப்படுவது 1865-இல் இங்கிலாந்தின் சவுத்ஹில்லில் நடந்தது. ஜெர்மனியில் இளம் நாய்களுக்கு வசந்த காலத்தில் நடக்கும் வி.ஜே.பி. தேர்வில் முயல் தடத்தைத் தொடர்வது, மூக்கு, தேடும் முறை, உறைந்து நிற்பது, நடத்துபவரோடு ஒத்துழைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. முயல் தடத்துக்கும் மூக்குக்கும் இரட்டிப்பு மதிப்பு. வட அமெரிக்காவில் 1969-இல் தொடங்கப்பட்ட நாவ்டா அமைப்பு 16 மாதத்துக்கு உட்பட்ட நாய்களுக்கு இயல்புத் திறன் தேர்வு வைக்கிறது. அதிலும் மூக்கு, தேடல், நீர், தடம், வேலை செய்யும் ஆசை இவற்றோடு ஒத்துழைப்பும் ஒரு பாடம். ஆசையும் ஒத்துழைப்பும் பிறவிக் குணங்களாகவே இங்கே எடைபோடப்படுவதைக் கவனியுங்கள். பயிற்சியால் இரண்டையும் கூர் தீட்டலாம், இல்லாததை வரவழைப்பது மிகக் கடினம்.

ஒரே ஈற்றில் பிறந்த ஒரு நாய் மட்டும் பெரிய மதிப்பெண் வாங்கியிருப்பதைவிட, உடன்பிறந்த நாலைந்தும் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பதை நான் அதிகம் நம்புவேன். ஒரு நட்சத்திரம் அதிர்ஷ்டத்தாலோ நல்ல டிரெய்னராலோ உருவாகலாம். ஒரு ஈற்றே நன்றாக இருப்பது இரத்தத்தில் இருப்பது.

உடல்நலச் சான்றுகளும் முக்கியம். பெற்றோருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லை என்று காட்டும் எக்ஸ்ரே சான்று இல்லாத குட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இடுப்புக்கு இறுதிச் சான்று கொடுப்பது நாய்க்கு 24 மாதம் ஆன பிறகுதான். ஆகவே அதற்குள் ஈன்ற தாய்க்கு அந்தச் சான்று இருக்க வழியில்லை. லாப்ரடார் என்றால் கடும் ஓட்டத்தில் பின்னங்கால் துவண்டு விழும் இ.ஐ.சி. என்ற பரம்பரைக் கோளாறுக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. பெற்றோரில் ஒன்றாவது முற்றிலும் சுத்தம் என்ற முடிவு இருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது.

வீட்டுக்கு வந்த முதல் மாதங்கள்

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம்வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை உலகத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அதில் பாதி தாயிடம் கழிந்துவிடுகிறது. மீதியை வீணாக்காதீர்கள். உயரப் புல், உழுத வயல், சரளைக்கல், ஓடை, வண்டியின் குலுக்கல், அந்நிய மனிதர்கள், பிற நாய்கள் என்று எல்லாவற்றையும் சின்னச் சின்ன அளவில் காட்டுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியை எங்கெல்லாம் விடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் தூக்கி எறிந்து நீச்சல் பழக்கும் முரட்டு வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் நாளில், சரிவாக இறங்கும் கரையில், நீங்களே முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நடங்கள். குட்டி பின்னாலேயே வரும். நின்ற இடத்தில் வயிறு நனைந்தாலே அன்றைக்குப் போதும்.

துப்பாக்கிச் சத்தத்தில்தான் அதிகம் பேர் நாயைக் கெடுக்கிறார்கள். சில வம்சங்களில் சத்தத்துக்கு மிரளும் சுபாவம் கொஞ்சம் உண்டு. மற்றபடி அந்த மிரட்சி நாம் உண்டாக்குவது. பழகட்டும் என்று துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்குக் குட்டியைக் கூட்டிப் போவது அதற்கு நேர்வழி. சரியான முறை மெதுவானது. குட்டி ஒரு பறவையின் வாசனையிலோ துரத்தலிலோ முழுவதும் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து, நூறு மீட்டருக்கு அப்பால் ஒருவர் சின்னப் பொட்டுவெடித் துப்பாக்கியைச் சுட வேண்டும். குட்டி கவனிக்கவே இல்லை என்றால் அடுத்த நாள் சற்று அருகே. காதை மடக்கினாலோ உங்கள் காலடிக்கு ஓடி வந்தாலோ அன்றோடு நிறுத்தி, அடுத்த முறை தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய துப்பாக்கி கடைசியில்தான். சத்தம் கேட்டால் நல்லது ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும் நாள்வரை அவசரமே இல்லை.

இழுவைத் தடம்: மூளையைப் பார்க்கும் சோதனை

நாலைந்து மாதக் குட்டியோடு இதை நீங்களே செய்து பார்க்கலாம். பறவையின் உடலையோ ஒரு கட்டுச் சிறகையோ கயிற்றில் கட்டுங்கள். குட்டியின் கண்ணுக்கு மறைவாக, முட்டி உயரப் புல்லில், காற்று உங்கள் முதுகில் அடிக்கும் திசையில் ஐம்பது அடி இழுத்துச் செல்லுங்கள். பிறகு செங்குத்தாக ஒரு திருப்பம். இன்னும் முப்பது அடி போய்ச் சிறகை அங்கேயே விட்டுவிட்டு, வந்த வழியில் வராமல் சுற்றித் திரும்புங்கள். பின்காற்றில் இழுக்கச் சொல்வதற்குக் காரணம், எதிர்க்காற்றாக இருந்தால் குட்டி தடத்தைத் தொடராமல் தலையைத் தூக்கிக் காற்றிலேயே சிறகின் வாசனையைப் பிடித்துவிடும்.

குட்டியைத் தொடக்கத்தில் விட்டுவிட்டு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். திருப்பத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குட்டியும் தாண்டி ஓடிவிடும். அது தவறே இல்லை. ஐந்தாறு அடி தாண்டியதும் வாசனை இல்லை என்று அதற்குத் தெரிகிறது. மூக்கு தரையிலிருந்து எழும், வால் ஆட்டம் குறையும், ஒரு கணம் நிற்கும். அடுத்து அது செய்வதை மட்டும் பாருங்கள். நல்ல குட்டி பின்வாங்கி வரும், இடதும் வலதுமாக மூக்கைத் துழாவும், வாசனை மறுபடி கிடைத்ததும் வால் சுழல ஆரம்பிக்கும். உங்களைப் பார்த்து உதவி கேட்கும் குட்டிக்கு விரலை நீட்டிக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அடுத்த முறையும் கேட்கும். அடுத்த நாள் திருப்பத்தைச் சற்று வளைவாக்கி, அதுவே கண்டுபிடிக்கும்படி எளிதாக்கிக் கொடுங்கள். கண்டுபிடிப்பதன் ருசி தெரிந்த குட்டி பிறகு லேசில் விடாது.

மோப்பம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நாய்மேல் அநியாயமாகக் கோபம் வராது. தீவிரமாக முகரும்போது நாய் நொடிக்கு ஐந்து முறைபோல மூக்கால் காற்றை இழுக்கும். வெளிவிடும் காற்று நாசித் துவாரத்தின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. ஆனால் வாயைத் திறந்து இரைக்கும்போது இந்த முகர்தல் குறைந்துவிடுகிறது. அதனால்தான் சூடேறி இரைத்துக்கொண்டிருக்கும் நாய், கூப்பிடு தூரத்தில் இருக்கும் பறவையையும் தவறவிடும். அதை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் கழித்து விட்டுப் பாருங்கள், அதே புதரில் பறவையைக் காட்டும். உலர்ந்த சூட்டில் வாசனை சீக்கிரம் காணாமல் போகிறது, லேசான ஈரத்தில் தங்குகிறது.

நாலு கட்டளை போதும்

வா, நில், கூடவே நட, கொடு. ஸ்பானியலுக்கும் ரெட்ரீவருக்கும் 'நில்' இருக்குமிடத்தில் 'உட்கார்' வரும். இதற்கு மேல் வீட்டில் வித்தை காட்ட வேண்டுமானால் கற்றுக்கொடுங்கள், களத்துக்கு அவசியமில்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். குட்டிக்குச் சலிப்பு வருவதற்கு முன் நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று கழுத்துப் பட்டையில் இழுபட்டுக்கொண்டே இருக்கட்டும். 'வா' என்று ஒரு முறை சொல்லுங்கள். வரவில்லை என்றால் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்து வரவழையுங்கள். ஐந்து முறை கத்திக் கூப்பிட்டால், ஐந்தாவது முறை வந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. தூரத்திலிருக்கும் நாயை, நீங்கள் போய்த் திருத்த முடியாத நிலையில், ஒருபோதும் கூப்பிடாதீர்கள்.

இங்கே ஒரு சமநிலை வேண்டும். கீழ்ப்படிதலை மிகச் சீக்கிரம், மிகக் கடுமையாகப் புகுத்தினால் நாய் உங்கள் காலைச் சுற்றியே வரும், தேடப் போகாது. முதல் பருவத்தில் கொஞ்சம் துரத்தட்டும், கொஞ்சம் தப்பு செய்யட்டும். ஆசை ஊறிய நாயை அடக்கலாம். அடங்கிப்போன நாய்க்கு ஆசையை ஊட்டுவது பெரும்பாடு.

உறைந்து நிற்பதும் பொய் சொல்லாமல் இருப்பதும்

பாயிண்டர் வகை நாய் பறவை முன் நிற்பதற்கு நீங்கள் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அது பிறவியில் வருவது. பறவை எழும்பும்போதும் சுடும்போதும் அசையாமல் நிற்பதைத்தான் நாம் பழக்குகிறோம். அதற்கும் பறவைகளே நல்ல வாத்தியார். குட்டி நெருங்கி முண்டியதும் பறவை பறந்துபோய்விட்டால், பிடிக்க முடியாது என்று தானாகவே புரிந்துகொள்ளும். பறக்கத் தெம்பில்லாத வளர்ப்புப் பறவையை வைத்துப் பழக்கி, நாய் அதைப் பாய்ந்து கவ்விவிட்டால் பல மாத உழைப்பு போய்விடும்.

பறவை எப்போதும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்காது, புல்லுக்குள் நடந்து நழுவும். சாதாரண நாய் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும், அல்லது பொறுமை இழந்து பாயும். அபூர்வமான நாய், எதிரில் வாசனை மெலிவதை உணர்ந்து பூனை நடையாக நாலடி வைத்து மறுபடி நிற்கும். தேவைப்பட்டால் பறவைக்கு முன்புறமாகச் சுற்றிவந்து அதை மடக்கும். இதைப் பயிற்சியால் திணிக்க முடியாது. நிறையக் காட்டுப் பறவைகளோடு பழகவிட்டால்தான் வரும்.

இன்னொன்று நேர்மை. பறவை இல்லாத இடத்தில் நிற்கும் பாயிண்டர், தடமே இல்லாமல் குரைத்துக் கூட்டத்தைக் கூட்டும் ஹவுண்ட், இவற்றோடு ஒரு நாள் போனால் மறுநாள் அதன் சொல்லை நம்பத் தோன்றாது. எப்போதாவது பறவை போய்விட்ட பழைய வாசனைக்கு நிற்பது குற்றமில்லை, ஒரு நிமிடத்தில் தானே சரிபார்த்து நகர்ந்துவிடும். அடிக்கடி வெற்றிடத்தில் நிற்கும் நாய்க்கு மூக்கில் குறை இருக்கலாம், அல்லது நீங்கள் அளவுக்கு மீறி 'நில், நில்' என்று அழுத்தியிருக்கலாம்.

எடுத்து வருதல், வாயின் மென்மை

விழுந்த பறவையைக் கண்டெடுக்காமல் விடுவது வேட்டையில் மன்னிக்க முடியாத விஷயம் என்பது என் கட்சி. காயம்பட்டு ஓடிய ஒன்றை அரை மணி நேரம் தேடிக் கொண்டு வரும் நாய்க்கு, ஓட்டத்தின் அழகில் பத்து மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை. ஜெர்மனியின் உயர்நிலைத் தேர்வான வி.ஜி.பி.யில் ஓர் இரவு முழுவதும் ஆறிப்போன இரத்தத் தடத்தைத் தொடரும் பகுதியே உண்டு.

டம்மியில் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று வீச்சு போதும், நான்காவதில் குட்டி ஏமாற்ற ஆரம்பிக்கும். எடுத்து வந்ததும் பிடுங்காதீர்கள். முதுகைத் தடவி, அது கொஞ்ச நேரம் பெருமையாக வைத்திருக்கவிட்டு, பிறகு வாங்குங்கள். நாயோடு டம்மியைப் பிடித்து இழுத்து விளையாடுவது கடித்துப் பிடிக்கும் பழக்கத்தை வளர்க்கும்.

நிஜப் பறவை வந்த பிறகு வாயைச் சோதிக்க ஒரு வழி. நாய் கையில் கொடுத்த பறவையை மார்பு மேலே இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் இறக்கைக்கு அடியில் இரு பக்க விலாவையும் மெல்ல அழுத்துங்கள். எலும்புகள் வில்போல எதிர்த்து நின்றால் வாய் மென்மையானது. இரு பக்கமும் உள்வாங்கி நொறுநொறுவென்றால் நாய் கடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நொறுங்கியிருந்தால் நாய் கடித்ததாலும் இருக்கலாம், குண்டோ விழுந்த வேகமோ காரணமாகவும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து நாயைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

களத்தில் நீங்கள் செய்ய வேண்டியது

காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிராக நாயை இறக்குங்கள். பேச்சைக் குறையுங்கள். நீங்கள் நினைக்கும் புதருக்குள் நாய் போகவில்லை என்றால் ஒருமுறை கையைக் காட்டலாம். அதற்குப் பிறகும் போகாவிட்டால் நாய் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சூடு நாயைக் கொல்லும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. 41-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாக வழிவது, நடை தள்ளாடுவது இவற்றில் எதைப் பார்த்தாலும் வேட்டை முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படவிட்டு, உடனே மருத்துவரிடம் புறப்படுங்கள். ஆசை மிகுந்த நாய் தானாக நிற்காது. நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

கிளம்புவதற்குச் சற்றுமுன் வயிறு நிறைய உணவு கொடுக்க வேண்டாம். வேலை முடிந்து இளைப்பாறிய பிறகே முக்கிய உணவு. திரும்பி வந்ததும் விரலிடுக்கு, காதுமடல், கண்ணோரம், அக்குள் எல்லாவற்றிலும் முள்ளும் புல்விதையும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காதுக்குள் நுழைந்த புல்விதை சீழ் வைத்து அறுவைச் சிகிச்சைவரை போகக்கூடும். எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது பெரிய இனங்களில் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுவரை, வண்டிக்குப் பின்னால் ஓடவிடுவது, உயரம் தாண்டவைப்பது எல்லாம் வேண்டாம்.

வளர்ந்த நாயை விலைக்கு வாங்குவதானால்

குட்டி வளர்க்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஓரளவு பழகிய நாய் நல்ல வழி. இரண்டு வயதுக்குக் குறைந்த நாயைப் பார்த்து இதற்கு மேல் தேறாது என்று ஒதுக்க வேண்டாம், மெதுவாகப் பழுக்கும் இனங்கள் மூன்று வயதில்தான் முழு வேலையைக் காட்டும். ஆனால் ஐந்து வயதிலும் பறவை எழும்பினால் கட்டுக்கடங்காமல் ஓடும் நாய் மாறும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

விற்பவர் தேர்ந்தெடுத்த, பறவை எங்கே என்று அவருக்கும் நாய்க்கும் தெரிந்த வயலில் பார்க்காமல், அந்த நாய் மிதித்திராத நிலத்தில் பாருங்கள். நேரம் நண்பகலுக்கு முன்பாக, பனி காய்ந்த பிறகு இருக்கட்டும். அரை மணி நேரம் அவர் நடத்தட்டும். பிறகு விசிலை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு நடத்துங்கள். முதல் கால்மணி நேரம் நாய் அவரையே தேடும், அது இயல்பு. அதற்குப் பிறகு உங்களோடு சேர்ந்து தேட ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் வண்டிக்குள் அமைதியாகச் சுருண்டு படுக்கிறதா, கம்பியைக் கடித்து ஓலமிடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது உங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறது. இப்படியெல்லாம் பார்க்கவிடாத ஆளிடம் வாங்க வேண்டாம்.